பட்ஜெட் எலெக்ட்ரிக் கிட்டார்: எந்த பார்ட்டை முதலில் மாற்றினால் காசு வீணாகாது?



ஆசைப்பட்டு ஒரு விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிட்டீங்க. ரெண்டு மாசத்துல "சவுண்டு சரியில்லையே, பிக்கப் மாத்தணுமோ?"ன்னு தோணும். ஆன்லைனில் பார்ட்ஸைத் தேட ஆரம்பிச்சா கார்ட் நிறைஞ்சிடும். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்குப் போட்டுடலாம்.

கணக்கு இதுதான்

கிட்டார் விலை 12,000 ரூபாய்னு வச்சுக்குவோம். பிக்கப் செட் 6,000, ட்யூனிங் கீ 3,000, பிரிட்ஜ் 3,000, கூலி 1,500. மொத்தம் 13,500. (இவை கணக்குக்காக எடுத்த எண்கள். உங்க கடை விலையைப் போட்டுப் பாருங்க.) கிட்டாரின் விலையை விட அப்கிரேடு செலவு அதிகம்!

சரி, விற்கும்போது இந்தப் பணம் திரும்பி வருமா? பெரும்பாலும் வராது. செகண்ட் ஹேண்டில் வாங்குறவர் தலைப்பகுதியில் இருக்கும் பிராண்டு பெயரைத்தான் முதலில் பார்ப்பார். உள்ளே என்ன பிக்கப் இருக்குன்னு பார்த்து விலை கொடுப்பவர் குறைவு.

அதனால் நான் சொல்ற விதி: அப்கிரேடு செலவு கிட்டார் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய் கிட்டாருக்கு 4,000 தான் உச்சவரம்பு. அதுக்கு மேல் போனால், அந்தப் பணத்தை அடுத்த கிட்டாருக்குச் சேர்த்து வைங்க.

எந்த வரிசையில் செலவு செய்யணும்?

1. முதலில் செட்டப். இதில் பார்ட்டே மாத்த வேண்டாம். புது ஸ்ட்ரிங் போடுங்க. ஆரம்பத்தில் 9-42 கேஜ் விரலுக்கு இலகுவா இருக்கும். 12-வது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். அதிகமா இருந்தால் விரல் வலிக்கும். வலிச்சா பயிற்சி நிக்கும். பயிற்சி நின்னா கிட்டார் மூலையில் தூசி படியும். அதுதான் உண்மையான நஷ்டம், முழு 12,000 ரூபாயும் போச்சு.

அடுத்து இன்டோனேஷன். 12-வது ஃப்ரெட்டில் ஹார்மானிக் வாசிங்க, பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிங்க. ட்யூனரில் ரெண்டும் ஒண்ணா காட்டணும். அழுத்தும்போது சுருதி ஏறினால் பிரிட்ஜில் உள்ள சாடிலைப் பின்னால் தள்ளுங்க, இறங்கினால் முன்னால் கொண்டு வாங்க. ட்ரஸ் ராடைத் தொட பயமா இருந்தால் ஒரு டெக்னீஷியனிடம் கொடுங்க. முழு அப்கிரேடிலேயே அதிகப் பலன் தரும் செலவு இந்தக் கூலிதான்.

2. நட். சுருதி நிக்கலைன்னா உடனே ட்யூனிங் கீயைக் குறை சொல்லாதீங்க. ட்யூன் பண்ணும்போது "டிங்"னு ஒரு சத்தம் வந்தால், ஸ்ட்ரிங் நட்டின் பள்ளத்தில் சிக்குதுன்னு அர்த்தம். பென்சில் தூளை அந்தப் பள்ளத்தில் தேச்சுப் பாருங்க. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். சரியாகலைன்னா நட்டை மாத்தலாம். பொருள் சின்னது, ஆனா பொருத்துறதுக்குக் கைப்பழக்கம் வேணும்.

3. ட்யூனிங் கீ. கீயைத் திருப்பும்போது லூஸா ஆடினால் மட்டும் மாத்துங்க. வாங்கும் முன் ஓட்டையின் விட்டத்தை அளந்துக்கோங்க. எல்லா மாடலுக்கும் ஒரே அளவு இல்லை. பிரிட்ஜுக்கும் இதே கதைதான்: ஸ்ட்ரிங் இடைவெளி, ஸ்க்ரூ எண்ணிக்கை, பாடியின் தடிமன் மூணையும் பார்க்கணும். அளக்காம வாங்கினா ரிட்டர்ன் கூரியருக்கும் நீங்கதான் காசு கொடுக்கணும்.

4. கரகரப்பு. வால்யூமைத் திருப்பும்போது கரகரன்னு சத்தம் வந்தால் முதலில் கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பாருங்க. போகலைன்னா பாட் மாத்தலாம். பொதுவா சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம்.

5. பிக்கப், கடைசியில். எல்லாரும் முதலில் மாத்த நினைக்கிறது இதைத்தான். ஆனா எலெக்ட்ரிக் கிட்டாரில் காதுக்கு வர்ற சத்தத்தில் பெரிய பங்கு ஆம்ப்புக்கு உண்டு. சின்ன பிராக்டிஸ் ஆம்ப்பில் விலை உயர்ந்த பிக்கப்போட வித்தியாசம் முழுசா தெரியாது. முதலில் ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப் உயரத்தை ஏத்தி இறக்கிப் பாருங்க. இலவச அப்கிரேடு!

பழைய பார்ட்ஸைத் தூக்கிப் போடாதீங்க

கழற்றினதை ஒரு டப்பாவில் பெயர் எழுதி வைங்க. கிட்டாரை விற்கும்போது பழையதைத் திரும்பப் பொருத்தி விற்கலாம். நல்ல பார்ட்ஸ் உங்க அடுத்த கிட்டாருக்குப் போகும், இல்லன்னா தனியா விற்கலாம். அப்கிரேடு காசில் கொஞ்சமாவது திரும்ப எடுக்க இதுதான் வழி.

இந்த மாசம் என்ன செய்யலாம்?

ஸ்ட்ரிங்கும் செட்டப்பும் மட்டும். மீதிக்கு மாசம் 500 ரூபாய் தனியா எடுத்து வைங்க. இஎம்ஐ வேண்டாம். ஆறு மாசத்தில் 3,000 சேரும். அப்பவும் தினமும் வாசிச்சுட்டு இருந்தீங்கன்னா, எந்த பார்ட் உங்களைத் தடுக்குதுன்னு உங்க கைக்கே தெரிஞ்சிருக்கும். அதை மட்டும் மாத்துங்க.

உங்க கிட்டார் என்ன விலை, என்ன பிரச்சினைன்னு கமெண்டில் எழுதுங்க. செலவில்லாம சரி பண்ண முடியுமான்னு முதலில் பார்ப்போம்.