உடனிருப்பார் கடமை

நோயுற்றவர் தம் துன்பத்தைத் தாமே எடுத்துரைக்க, மருத்துவர் அதனைக் கேட்டு நோயின் காரணத்தை ஆராய்வது உலக வழக்கு. ஆயின், தம் நோயைத் தாமே உரைக்க இயலாதாரும் உளர். பேசவறியாக் குழந்தைகள் ஒருவகையினர். முதுமையில் மறதிநோய் வாய்ப்பட்டோர் மற்றொரு வகையினர். பகலில் உண்ணாததும் இரவில் உறங்காததும் அவர்தம் நினைவில் நில்லா. "நலந்தானா?" என மருத்துவர் வினவின், "எனக்கென்ன குறை?" என்று முகமலர்ந்து விடை கூறுவர். அவ்விடை ஒன்றையே நம்பின் உண்மை மறைந்துபோம்.

மறதிநோய் என்பது முதியோர்க்கு இயல்பாக உண்டாகும் சிறு மறதியன்று. மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறந்து, பின்னர் நினைவுகூர்தல் முதுமையின் இயல்பு. நெடுநாள் வாழ்ந்த தெருவிலேயே வழி தெரியாது திகைத்தலும், பெற்ற மகளையே யாரென வினவுதலும் நோயின் குறிகள். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் மக்கள் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவராகிய அலாய்ஸ் அல்சைமர், 1901ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரில் 51 வயதுப் பெண்மணி ஒருவரை ஆராய்ந்தார். அப்பெண்மணியால் தம் பெயரையும் எழுதி முடிக்க இயலவில்லை. அவரிடம் தோன்றிய மாற்றங்களை முதலில் கண்டவர், இல்லத்தில் உடன் வாழ்ந்த கணவரே ஆவர்.

மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்பது வள்ளுவர் கருத்து. நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றனோடு, உடனிருந்து பேணுவாரையும் அவர் ஓர் உறுப்பாக வைத்து எண்ணினார். மறதிநோயில் இந்நான்காம் உறுப்பே நோயாளிக்கு நாவும் மருத்துவர்க்குக் கண்ணும் ஆகின்றது.

அக்கடமையைச் செவ்வனே ஆற்றச் சிறு குறிப்பேடு ஒன்று போதும். "அவர் முன்போல் இல்லை" என்று பொதுவாகக் கூறுவதால் பயன் சிறிது. "பத்து நாள்களாக நள்ளிரவில் எழுந்து கதவைத் திறக்க முயல்கின்றார், இருமுறை வழுக்கி வீழ்ந்தார், உணவை விழுங்குங்கால் இருமுகின்றார்" என நாளும் பொழுதும் குறித்துக் கூறின், மருத்துவர் தெளிவடைவர். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்தையும் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையையும் விடாது, உடன் எடுத்துச் செல்லல் வேண்டும். தூக்க மருந்துகளுள்ளும் சளி மருந்துகளுள்ளும் சில, மறதியையும் குழப்பத்தையும் மிகுவிக்கும். தைராய்டுச் சுரப்புக் குறைவாலும், வைட்டமின் பி12 குறைவாலும் மறதி தோன்றுவதுண்டு. குருதிச் சோதனையால் இவற்றை அறிந்து, மருந்தளிக்க இயலும்.

இங்கு மிகவும் விழிப்புடன் இருக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. மறதிநோய் பெரும்பாலும் மெல்ல வளர்வது. நேற்றுவரை ஓரளவு தெளிவாகப் பேசியவர் இன்று திடீரெனக் குழம்பினால், சிறுநீர்த்தொற்றோ, உடலில் நீர்க்குறைவோ, புதிய மருந்தின் விளைவோ காரணமாகலாம். "நோய் முற்றிவிட்டது போலும்" என வாளாவிருத்தல் உயிர்க்கே இடராய் முடியும். அம்மாற்றம் எப்போது தொடங்கிற்று என்பதை மருத்துவரிடம் உடனே கூறுதல் வேண்டும்.

நினைவு மங்கினும் மானவுணர்வு மங்குவதில்லை. ஆதலின், முதியவரை அருகில் வைத்துக்கொண்டே அவர் குறைகளை அடுக்குதல் பண்பன்று. அவற்றை எழுதி முன்னரே மருத்துவரிடம் கொடுத்துவிடலாம். மருத்துவர் கூறும் அறிவுரையையும் குறித்துக்கொண்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தல் நன்று. பேணுவார் தம் உறக்கமின்மையையும் சோர்வையும் மறைத்தலும் ஆகாது. அவர் தளரின் நோயாளியும் தளர்வர்.

பாட்டியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் பெயர்த்தியும், குறிப்பேட்டில் நாள்தோறும் நான்கு வரி எழுதும் பெயரனும் இத்தொண்டில் பங்கு கொள்ளலாம். பேசக் கற்பித்த மூத்தோர் பேச்சிழந்து நிற்கும் காலத்து, அவர்க்காக உண்மையைத் தெளிவுற உரைப்பதே இளையோர் செலுத்தும் நன்றிக்கடன்.