ஏரிப் பறவைகளைக் கணக்கெடுத்தல்

உத்திரமேரூர் வட்டாரத்து வேளாண்மை ஏரிப் பாசனத்தைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவ்வூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பராமரிப்பதற்கென்றே குடவோலை முறையில் ஏரி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. ஏரியின் நீரளவையும் கரையின் நிலையையும் கவனித்துவரும் குடிகள், அவ்வேரிக்கு வரும் பறவைகளையும் கணக்கிட்டு எழுதி வைப்பது இக்காலத்தில் அவசியமாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையால் நிரம்பிய ஏரிகளில் தை மாதம் முதல் நீர் இறங்கத் தொடங்கும். அப்போது உள்வாயில் வெளிப்படும் சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் பொரி உள்ளான், கொசு உள்ளான், பச்சைக்காலி முதலிய கரைப்பறவைகள் புழு பூச்சிகளைத் தேடி உண்கின்றன. இவை ஸைபீரியா முதலான வடதேசங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருவன. உள்வாய் ஆக்கிரமிக்கப்பட்டால் இவற்றின் இரைநிலம் அழியும். முன்பு எத்தனை பறவைகள் வந்தன என்பதற்கு எழுத்து ஆதாரம் இல்லையேல், அந்நஷ்டத்தை நிரூபிப்பது அரிது.

எழுத்து ஆதாரத்தின் பலத்துக்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கலே சான்று. ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாவதை அறிந்த அவ்வூரார், பறவைகளைச் சுடலாகாது என்று முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் கௌல் பெற்றனர். தற்போது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ராம்ஸார் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 20,000 நீர்ப்பறவைகளையோ, ஓரினத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கையோ வழக்கமாகத் தாங்கும் நீர்நிலை என்பது அவ்வுடன்படிக்கையின் அளவுகோல்களில் அடங்கும். எண்ணிக்கையின்றி இவற்றை நிர்ணயிக்க வழியில்லை.

1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் தொண்டர்களால் நடத்தப்பட்டு வருகிறது. இதில் ஈடுபடுவோர் அனுசரிக்க வேண்டிய முறைகளாவன:

1. ஒவ்வோர் ஆண்டும் அதே ஏரியை, அதே காலத்தில், அதே இடங்களில் நின்று எண்ணுதல் வேண்டும். அப்போதுதான் ஓராண்டை மற்றோராண்டுடன் ஒப்பிடலாம்.

2. காலை வேளையில், வெயில் முதுகுப்புறம் படும்படி கரைமேல் நிற்க. உள்வாயில் இறங்கிப் பறவைகளைக் கலைத்தலாகாது.

3. ஒருவர் எண்ண, மற்றொருவர் எழுதுக.

4. பெருங்கூட்டமாயின், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கொள்ளும் இடத்தை அளவாகக் கொண்டு மற்றவற்றை மதிப்பிடுக. இடையில் பருந்து பாய்ந்து கூட்டம் கலைந்தால், அமர்ந்தபின் மீண்டும் தொடங்குக.

5. இனம் தெரியாதவற்றை ஊகித்து எழுதாமல், ‘உள்ளான் வகை’ என்று மட்டும் குறிக்க.

6. ஏரியின் பெயர், தேதி, நேரம், நீரின் நிலை ஆகியவற்றைத் தவறாது பதிக. பறவையே காணாவிடின், அதையும் எழுதுக. அதுவும் ஒரு கணக்கே.

வெளியூர்த் தொண்டர்கள் வருஷத்தில் ஓரிரு நாளே வரக்கூடும். மதகு எப்போது திறந்தது, நீர் எந்தப் பக்கம் முதலில் வற்றும், பறவைகள் எங்கே இறங்கும் என்பவை நீர்க்கட்டிக்கும் ஆயக்கட்டுதாரருக்குமே தெரிந்தவை. ஆகையால் கிராமத்தார் துணையின்றி இக்கணக்கு பூரணமாகாது. உள்ளான்களைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமென்பதையும் கிராம அதிகாரிகள் எடுத்துரைத்தல் நலம்.

கணக்கின் ஒரு பிரதியைக் கணக்கெடுப்பை நடத்துவோரிடமும், மற்றொரு பிரதியைக் கிராமத்திலும் வைத்தல் வேண்டும். ஒரு தை மாதத்துக் கணக்கால் விளங்குவது சொற்பமே. பத்து ஆண்டுகள் இடைவிடாது எழுதப்படுமாயின், அது அவ்வேரியின் சரித்திரமாக நின்று, ஏரிக்கு ஊறு நேருங்காலத்தில் ஊராருக்குச் சாட்சியாக உதவும்.