விட்டு வந்த விமான நிறுவனம் மறுபடி சேர்த்துக்கொள்ளுமா?

கேள்வி: என் மகன் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து, பிறகு பைலட் ஆனவன். ஒரு விமான நிறுவனத்தில் நாலு வருடம் ஃபர்ஸ்ட் ஆபீசராக இருந்தான். சீக்கிரம் கேப்டன் ஆகலாம் என்று சொன்னதை நம்பி, போன வருடம் இன்னொரு நிறுவனத்துக்கு மாறினான். சொன்னபடி எதுவும் நடக்கவில்லை. பழைய இடத்துக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறான். சேர்த்துக்கொள்வார்களா? ராஜினாமா செய்த பைலட்டுகளைத் திரும்பச் சேர்க்கும்படி ஏர் இந்தியாவுக்குக் கோர்ட் உத்தரவிட்டதாகப் படித்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்க முடியுமா?

- ஒரு தந்தை, உடுமலைப்பேட்டை

பதில்: தீர்ப்பைக் காட்டிக் கேட்க முடியாது. ஆனால் கேட்டால் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

நீங்கள் படித்த வழக்கில் இருந்த பைலட்டுகள், வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள் அல்லர். ஆறு மாத நோட்டீஸ் கொடுத்து ராஜினாமா செய்தார்கள். அந்தக் கெடு முடிவதற்குள் மனம் மாறி, ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார்கள். ஏர் இந்தியா அதை ஏற்காமல், 2020 ஆகஸ்ட் 13-ல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பியது. கொரோனாவால் விமானங்கள் முடங்கிக் கிடந்த காலம் அது. 2021 ஜூன் 1-ல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஜோதி சிங் அந்த உத்தரவை ரத்து செய்து, சம்பள பாக்கியோடு அவர்களைச் சேர்க்கச் சொன்னார். ராஜினாமா நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் அதைத் திரும்பப் பெறலாம் என்பது 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன கொள்கை. உங்கள் மகன் பழைய நிறுவனத்தில் கணக்கு முடித்து வெளியேறிவிட்டதால், அது அவருக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. அப்போது ஏர் இந்தியா அரசு நிறுவனம். அதனால் அரசு அமைப்புகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுவுக்கு இடம் இருந்தது. 2022 ஜனவரியில் அது டாடா கைக்குப் போனது. தனியார்மயமான ஏர் இந்தியா மீது ரிட் செல்லாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தனியார் நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதலில் பேசும்.

இனி, சேர்த்துக்கொள்வார்களா என்பது. பயிற்சி பெற்ற பைலட்டின் மதிப்பு இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் தெரியும். பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாகக் கூட்டி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்த புது விதிகள் 2025-ல் வந்தன. அதற்கேற்ற பைலட் பலம் இல்லாமல், அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. 2022-ல் ஏர் இந்தியாவும், 58 வயதில் ஓய்வு பெறும் தன் பைலட்டுகளை 65 வரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ள முன்வந்தது. தன் முறைகள் தெரிந்த ஆள் திரும்பி வந்தால் நிறுவனத்துக்குப் பயிற்சிச் செலவு குறையும்.

ஆனால் பழைய கோப்பைப் புரட்டாமல் யாரும் சேர்க்க மாட்டார்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் 2017 விதிப்படி ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆறு மாதமும், கேப்டன் ஓராண்டும் நோட்டீஸ் தர வேண்டும். 2023-ல் 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமலே போய்விட்டார்கள் என்று ஆகாசா ஏர் நீதிமன்றம் வரை சென்றது. அப்படிப் போனவருக்குப் பழைய வாசல் திறப்பது கடினம். உங்கள் மகன் நோட்டீஸை முழுதாக முடித்து, பயிற்சி பாண்டு பாக்கி எதுவும் வைக்காமல், தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கிக்கொண்டு வந்தவர் என்றால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

அவர் முக்கியமாகக் கேட்க வேண்டியது சீனியாரிட்டி. உங்கள் ஊர் நூல் மில்லில் கணக்கு முடித்துப் போனவர் திரும்பி வந்தால் புது ஆளாகத்தானே சேர்க்கிறார்கள்? பைலட் வேலையிலும் பெரும்பாலும் அப்படித்தான். யார் முதலில் கேப்டன் பயிற்சிக்குப் போவது, யாருக்கு எந்த ஊர் பேஸ் (பணித்தளம்) என்பதில் சீனியாரிட்டிப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் ஆட்குறைப்பில் நிறுத்தப்பட்ட பைலட்டைத் திரும்ப அழைத்தால் பழைய எண்ணோடு சேர்ப்பார்கள். தானாக விலகியவர் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். கேப்டன் ஆசையில் மாறியவர், அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கும் கீழே போய் நிற்க நேரலாம். பழைய நான்கு ஆண்டுகள் கணக்கில் வருமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச் சொல்லை நம்பி ஒருமுறை மாறியது போதும்.

இப்போது ஓட்டுவதும் அதே ரக விமானம்தானா என்பதையும் பாருங்கள். அதே ரகம் என்றால் நிறுவன நடைமுறைப் பயிற்சி, சிமுலேட்டர் சோதனை, வழித்தடச் சோதனை என்று சீக்கிரம் முடியும். வேறு ரகம் என்றால் பயிற்சி நீளும். புது பாண்டில் கையெழுத்துக் கேட்கவும் வாய்ப்புண்டு.

நிறுவனத்தின் பலத்தையும் எடை போட வேண்டும். கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு 2016-ல் பறக்கத் தொடங்கிய ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டே நின்றது. 2019 ஏப்ரல் 17-ல் நின்ற ஜெட் ஏர்வேஸ் மறுபடி பறக்கும் என்று காத்திருந்தவர்கள் பலர். 2024 நவம்பரில் அதன் சொத்துகளை விற்றுக் கடனைத் தீர்க்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 மே மாதம் நின்ற கோ ஃபர்ஸ்டும் எழவில்லை.

ஆகவே வரிசை இதுதான். முதலில் பழைய நிறுவனத்திடமிருந்து பதவி, சம்பளம், சீனியாரிட்டி, பேஸ் எல்லாம் எழுதிய நியமனக் கடிதம். அதற்குப் பிறகே இப்போதைய வேலையில் ராஜினாமா. இங்கேயும் ஆறு மாத நோட்டீஸை ஒரு நாள் குறையாமல் முடிக்கச் சொல்லுங்கள். அதற்குள் பழைய நிறுவனம் பின்வாங்கினால், விடுவிக்கப்படும் நாளுக்கு முன்பே ராஜினாமாவை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். ஏர் இந்தியா வழக்கின் பாடம் அவருக்கு உதவக்கூடிய இடம் அது ஒன்றுதான். இப்போதைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதை, ராஜினாமாவில் கையெழுத்திடும் முன்னால் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.