கோபத்துக்குக் கரம்பை, துக்கத்துக்கு ஓலை

கோபத்தில் கொதிக்கிற பிள்ளை கையில் கலர் பென்சிலைக் கொடுக்காதீர்கள். அழுத்துகிற அழுத்தில் முனை ஒடியும், தாள் கிழியும், கோபம் இரட்டிப்பாகும். ராஜபாளையத்தில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்த காலத்தில் நான் கண்டது இது. 2021 அக்டோபரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, சின்ன வகுப்புப் பிள்ளைகள் கொரோனாவால் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளி வாசலையே மிதிக்காமல் இருந்தார்கள். அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட் என்றால் பகலில் வீட்டில் மூச்சுக்கூடச் சத்தமாக விட முடியாது. அப்படி அடங்கிக் கிடந்த பிள்ளைகள் வகுப்புக்கு வந்ததும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். சிலர் வாயே திறக்கவில்லை. வாய்ப்பாடு சொல்லித்தருவதற்கு முன்னால் இதற்கு வழி பார்க்க வேண்டியிருந்தது.

கோபத்துக்கு, எதிர்த்து நிற்கிற பொருள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குக் கம்மாய்க் கரம்பை மண்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கட்டியை எடுத்து வந்து கல்லால் இடித்துத் தூளாக்கி, சலித்து, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து, கையால் பிசைய வேண்டும். பொம்மை செய்வதற்கு முன்பே பாதிக் கோபம் தோளிலிருந்து இறங்கிவிடும். அதனால்தான் பிசைந்த மண்ணைத் தயாராகக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. தம்பியைக் கடித்துவிட்டு வந்த ஒரு பையன் வெகுநேரம் இடித்துக்கொண்டே இருந்தான். பிறகு உருண்டை பிடித்துச் சுவரில் எறிந்தான். அதையே பெயர்த்தெடுத்து மறுபடியும் உருட்டி எறிந்தான். கடைசியில் அந்த மண்ணில் ஒரு லாரி செய்தான், நாலு சக்கரமும் ஒரே அளவில். எறியாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த லாரி வந்திருக்காது.

கிழிப்பதும் நல்ல வேலை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. இழை தளர்வாக இருப்பதால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்தால் ‘சர்’ரென்று நேராகக் கிழியும். அந்தச் சத்தம் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். கிழித்த நாடாக்களை மஞ்சளில் முக்கிக் காயவைத்து, அடுத்த நாள் சடை பின்னச் சொல்வேன். கோபமாக இருக்கும் நேரத்தில் கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம்.

பயம் வேறு மாதிரி. அதற்கு ஓர் அளவு வேண்டும். “எதுக்குப் பயம்?” என்று கேட்டால் பிள்ளை உள்ளே போய்விடும். “எம்புட்டுப் பெரிசு?” என்று கேளுங்கள். சிவகாசி அச்சகங்களில் வெட்டி ஒதுக்கிய காகித நாடாக்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அம்மா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு சிறுமி, வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிவிபத்து என்று செய்தி வந்த நாளிலிருந்து கதவு சாத்தும் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டாள். நாடாக்களை ஒட்டி ஒட்டித் தன் உயரத்தைவிட நீளமாக ஒரு தாள் செய்தாள். கிரேயான் தீரும்வரை முழுக்கக் கறுப்பு. பிறகு அதை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். “நீங்களே வச்சுக்கோங்க டீச்சர்.” வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன், பிரித்துப் பார்க்கவில்லை.

கறுப்பைப் பார்த்ததும் பெரியவர்கள் பதறுகிறார்கள். ஒரு நிறத்தை வைத்தோ, ஒரே ஒரு படத்தை வைத்தோ பிள்ளையின் மனதுக்கு அர்த்தம் சொல்லாதீர்கள். டப்பாவில் உடையாமல் இருந்த ஒரே கிரேயான் கறுப்பாக இருந்திருக்கலாம்.

துக்கத்துக்கு மெல்ல நகரும் வேலைதான் ஒத்துவருகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தோளில் இருக்கும் கிளியைச் சொல்லித்தரத் தேவையில்லை. மரவள்ளி இலையில் உடலும் மாதுளம்பூவில் மூக்கும் வைத்து அந்தக் கிளியைக் கோயிலில் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். நாங்கள் தென்னங்கீற்றில் கிளி முடைந்தோம். தாத்தாவைப் பறிகொடுத்த ஒருத்தி ஒவ்வொரு கிளியும் வாடியதும் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு, அடுத்ததற்கு ஓலை கேட்பாள். முடையும்போதுதான் தாத்தாவைப் பற்றிப் பேசுவாள். கண் ஓலையில் இருக்கும், என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. வாடாத பிளாஸ்டிக் பூ, தெர்மாகோல் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது என்பது என் கருத்து.

கேள்வி கேட்காமல் கைக்கு வேலை கொடுப்பதை இன்னும் பெரிய துயரத்தின் நடுவே செய்துகாட்டியவர்கள் உண்டு. இலங்கையின் மட்டக்களப்பில் 1996-இல் அருட்தந்தை பால் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் பால் ஹோகனும் பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து மண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, “அழகா இருக்கு” என்பதைத்தான் நான் முதலில் விட்டேன். பாராட்டினால் அடுத்த படத்தை நமக்குப் பிடிக்கும்படி வரைவார்கள். “இந்த இடத்துல நல்லா அழுத்தியிருக்க” என்று கண்ணில் படுவதை மட்டும் சொன்னால் போதும். சொல்ல விருப்பமிருந்தால் மீதியை அவர்களே சொல்வார்கள். செய்ததை உடைக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. கேட்காமல் குப்பையில் போடாதீர்கள், வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். அது அவர்களுடைய ரகசியம்.

மண்ணும் ஓலையும் போதாத இடமும் உண்டு. பிள்ளை வாரக்கணக்கில் ஒரே காட்சியையே வரைகிறது, சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். யாரோ பிள்ளையிடம் தப்பாக நடந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் உடனே 1098-ஐ அழையுங்கள். சந்தேகம் தந்தது ஒரு படம் என்றால் அதை அப்படியே பத்திரமாக வையுங்கள். இன்னொரு முறை வரைந்து காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள்.