நடை மட்டும் போதுமா? சகலதுறை ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் இருந்து ஒரு பாடம்



2015ஆம் ஆண்டு ஜூலை 10 முதல் 26 வரை பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகள் எங்கள் ரொறன்ரோவில் நடைபெற்றன. 41 நாடுகளில் இருந்து வீரர்கள் வந்திருந்தார்கள். நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தைப் பலர் சேர்ந்து பயணிக்கும் வாகனங்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்களே என்று ஏசிக்கொண்டு வேலைக்குப் போனதுதான் எங்களில் பலருக்கு இன்றும் ஞாபகம். அந்தப் போட்டிகளுக்காக ஸ்காபரோவில் கட்டப்பட்ட நீச்சல் தடாகத்தில்தான் இப்போது எங்கள் பிள்ளைகள் நீந்தப் பழகுகிறார்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகள் எக்ஸிபிஷன் பிளேஸில் உள்ள கொலிசியம் அரங்கில் நடந்தன. பெண்களுக்கான சகலதுறைப் போட்டியில் கனடாவின் எலி பிளாக் தங்கம் வென்றதால் செய்தியெல்லாம் அவரைப் பற்றியே இருந்தது. நான் இங்கே எழுத வந்தது ஆண்களுக்கான சகலதுறைப் போட்டி பற்றி. கிரிக்கெட்டில் துடுப்பாட்டமும் பந்துவீச்சும் தெரிந்தவரைச் சகலதுறை ஆட்டக்காரர் என்போம் அல்லவா? இங்கே துறைகள் இரண்டல்ல, ஆறு. ஒரே வீரர் ஆறு கருவிகளிலும் ஏறி இறங்க வேண்டும். ஆறு புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி தீர்மானிக்கப்படும்.

அந்த ஆறும் இவை. 12 மீற்றர் சதுரத் தரையில் பாய்ந்தும் புரண்டும் செய்யும் தரைப்பயிற்சி. கைகளை மட்டும் ஊன்றிக் கால்களைச் சுழற்றும் கைபிடிக் குதிரை. தொங்கு வளையங்கள். ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாண்டும் பாய்ச்சல். சமாந்தரச் சட்டங்கள். கடைசியாக உயரமான கிடைச்சட்டம். வளையத்துக்குத் தோள்பலம் வேண்டும். பாய்ச்சலுக்குக் காலின் வெடிப்பு வேகம் வேண்டும். குதிரைக்குச் சமநிலையும் தாளமும் வேண்டும். தரைக்கு மூச்சு வேண்டும். ஒன்றில் இருப்பது மற்றதற்கு உதவும், ஆனால் மற்றதன் இடத்தை நிரப்பாது.

அன்று ரொறன்ரோவில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் சாம் மிக்குலாக். கியூபாவின் மன்ரிக்கே லார்டுவே, கொலம்பியாவின் ஜொசிமார் கால்வோ ஆகியோர் மற்றைய இரு பதக்கங்களையும் பெற்றார்கள். அதே அரங்கில் பிரேசிலின் ஆர்தர் சனேற்றியும் இருந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வளையங்களில் தங்கம் வென்றவர். ரொறன்ரோவிலும் வளையங்களில் தங்கம் அவருக்கே. ஆனால் சகலதுறைப் பதக்க வரிசையில் அவர் இல்லை. ஒரு கருவியில் உலகத்திலேயே சிறந்தவர் என்பது வேறு, ஆறிலும் தேறுவது வேறு.

என்னிடம் வரும் ஐயா ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். அவரது அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வயது எழுபத்திரண்டு. இருபது வருடமாகச் சலரோகம். தினமும் ஒரு மணித்தியாலம் நடப்பார். கோடையில் பூங்காவில், பனிக்காலத்தில் மோலில். “டொக்டர், நான் ஒரு நாளும் நடையை விடுறேல்ல” என்பார். சீனி அளவும் பிறஷரும் கட்டுப்பாட்டில் இருந்தன. மற்ற நோயாளர்களிடம் பெயர் சொல்லாமல் அவரை உதாரணமாகக் காட்டுவேன். இரண்டு மாசி மாதங்களுக்கு முன், வீட்டில் பதிவான சோபாவில் இருந்து எழும்பித் தொலைபேசியை எடுக்கப் போனவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். இடுப்பு என்பு முறிந்தது. வெளியில் பனிக்கட்டி, விழுந்ததோ கம்பளம் விரித்த வரவேற்பறையில்.

மறுவாழ்வுப் பயிற்சியை முடித்து அவர் என் மருத்துவ மனைக்கு வந்தபோதுதான் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். பத்து வருடக் குறிப்பில் “நடக்கிறார், நன்று” என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். கதிரையில் இருந்து கைபிடியாமல் எழும்பச் சொல்லி ஒரு தடவையேனும் பார்த்ததாக ஒரு வரி இல்லை. அவர் நடையில் சனேற்றி. மற்ற ஐந்து கருவிகளை நான் கேட்கவேயில்லை.

நாங்கள் நடையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக வந்தபோது உடற்பயிற்சி பற்றி யார் நினைத்தார்கள்? உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் பெட்டி தூக்கி, இரண்டு வேலை செய்த உடம்புகள் இவை. நானும் இங்கு பரீட்சைகள் எழுதி முடிக்கும்வரை அப்படித்தான் உழைத்தேன். பிறகு வேலை கதிரைக்கு மாறியது, வீட்டில் சோபா வந்தது, சலரோகமும் வந்தது. வைத்தியர்கள் “நடவுங்கோ” என்றோம். நல்ல அறிவுரைதான், பாதி அறிவுரை.

முப்பது வயதுக்குப் பிறகு தசை ஒவ்வொரு பத்தாண்டிலும் ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் குறைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். தெற்காசியர்களான எங்களுக்குத் தொடக்கத்திலேயே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு கூட. அதனால்தான் இடுப்புச் சுற்றளவின் எல்லை எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்று வைத்திருக்கிறார்கள். நாம் உண்ணும் சோற்றில் இருந்து வரும் குளுக்கோசை அதிகம் உள்வாங்குவது தசைதான். தசை சுருங்கினால் அந்தக் குளுக்கோஸ் போக இடமின்றிக் குருதியில் நிற்கும். ஆகவே தசைப் பயிற்சி சலரோகக்காரருக்கு அலங்காரமல்ல, மருந்தின் ஒரு பகுதி.

கனடாவின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் சற்று மூச்சு வாங்கும் அசைவு. இதை அநேகர் அறிவார்கள். வாரத்துக்கு இரு தடவையாவது பெருந்தசைகளுக்குப் பலப்பயிற்சி. 65 வயதானவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர வேண்டும். இந்த இரண்டையும் கேட்டால் “அது இளந்தாரிகளுக்கு” என்று சிரிக்கிறார்கள்.

சமநிலை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் கருவியில் இருந்து இறங்கும்போது கால் அசையாமல் நிற்க வேண்டும். சிறு அடி வைத்தால் 0.1 புள்ளி போகும், பெரிய அடிக்கு 0.3, விழுந்தால் முழுதாக 1 புள்ளி. 2016 ரியோ ஒலிம்பிக் சகலதுறைப் போட்டியில் ஐந்து கருவிகள் முடிந்தபோது உக்ரேனின் ஒலெக் வெர்னியாயெவ் ஜப்பானின் கொஹெய் உச்சிமுராவை விட 0.9 புள்ளி முன்னே நின்றார். கடைசிக் கருவி கிடைச்சட்டம். உச்சிமுரா இறங்கி ஆணி அடித்ததுபோல் நின்றார். வெர்னியாயெவ் இறங்கும்போது கால் நகர்ந்தது. முடிவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது 0.099 புள்ளி. அந்தக் கால் நகராமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம்.

அவர்களுக்கு அது பதக்கம். எங்கள் மூத்தோருக்கு அது இடுப்பு என்பு. கனடாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 20 முதல் 30 சதவீதமானவர்கள் ஆண்டுதோறும் விழுகிறார்கள். இடுப்பு முறிவுகளில் ஏறத்தாழ 95 சதவீதம் விழுவதால் வருபவை. விழுந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: “கால் தடுக்கினது, பிடிக்க முடியேல்ல.” தடுக்குவது எல்லோருக்கும்தான். இளம் உடம்பு உடனே ஒரு அடி முன்வைத்துத் தன்னைப் பிடித்துவிடும். அந்த அடியை வைக்கத் தொடையில் பலமும் கணுக்காலில் விரைவும் வேண்டும். ஒரே வேகத்தில் சமதரையில் நடப்பது இவ்விரண்டையும் அதிகம் சோதிப்பதில்லை. 2019இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பயிற்றுவித்தவர்களிடம் விழுதல்கள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன. பலப்பயிற்சியும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தன. நடை மட்டும் செய்தவர்களிடம் அப்படியான தெளிவான பயன் காணப்படவில்லை.

இதை வாசிக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். கைபிடியில்லாத, அசையாத கதிரை ஒன்றைச் சுவரோடு வையுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கைகளை நெஞ்சில் குறுக்கே மடித்து, 30 விநாடிக்குள் எத்தனை தடவை முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14க்குக் கீழே, பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74 வயதில் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. அடுத்ததாகச் சமையலறை மேடையைப் பிடிக்கக்கூடிய தூரத்தில் ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். எனக்கு ஐம்பதுகள். முதல் நாள் இடக்காலில் ஆறு விநாடிதான் நின்றேன். என் மகள் கைதட்டிச் சிரித்தாள்.

சோதனையே பயிற்சியும் ஆகும். கதிரையில் இருந்து எழும்புதல் உங்கள் தரைப்பயிற்சி. ஐந்து தடவையில் தொடங்கிக் கிழமைக்கு ஒன்றாகக் கூட்டலாம். முடியாதவர்கள் கதிரையில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். சுவரில் கைவைத்துத் தள்ளுவது தோளுக்கும் மார்புக்கும். தேநீர் கொதிக்கும்வரை ஒற்றைக் காலில் நிற்பது சமநிலைக்கு. பத்து இறாத்தல் அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அறைக்குள் நடப்பது நாரிக்கும் கைப்பிடிக்கும். நாரிப் பிடிப்பு உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம். இன்னொன்று, எங்கள் ஊரில் நாங்கள் மறந்துவிட்டு வந்தது: தரையில் சப்பாணி கட்டி இருந்து எழும்புவது. கோயிலுக்குப் போனால் சுவரோரக் கதிரைகள்தான் முதலில் நிறைகின்றன. முழங்கால் தேய்ந்தவர்களைச் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரரும் அங்கேதான் இருக்கிறார்.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் சீனி பாருங்கள். 4க்குக் கீழே இறங்கக்கூடும், இனிப்பு ஏதாவது பக்கத்தில் இருக்கட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்காதீர்கள். பிறஷர் திடீரென ஏறும். சலரோகத்தால் விழித்திரை பழுதானவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எழும்பும்போது தலைசுற்றினால் அது பிறஷர் மாத்திரையின் அளவாகவும் இருக்கலாம், உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். பாதம் மரத்திருப்பவர்கள் வெறுங்காலோடு வேண்டாம். நெஞ்சில் இறுக்கம் வந்தால் நிறுத்துங்கள். சில நிமிட ஓய்வில் குறையாவிட்டால் 911ஐ அழையுங்கள்.

பிள்ளைகளை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அனுப்புங்கள், என்பு உறுதியாகும். ஆனால் இதே விளையாட்டில் கையும் கால் ஆகிறது. வளரும் வயதில் மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டு அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. கையூன்றும்போது மணிக்கட்டு நோகிறது என்று பிள்ளை இரண்டு கிழமைக்கு மேல் சொன்னால் அதைச் சாட்டு என்று எண்ணாதீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள். 2004 ஏதென்ஸில் கனடாவுக்குத் தரைப்பயிற்சியில் தங்கம் வென்ற கைல் ஷூஃபெல்ட், 2007இல் பயிற்சியின்போது தரையிறங்குகையில் இரண்டு கால்களையும் முறித்தார். அடுத்த ஆண்டே பெய்ஜிங்கில் போட்டியிட்டார் என்பது அவரது வைராக்கியம். உங்கள் பிள்ளை அந்த வைராக்கியத்தைக் காட்ட வேண்டியதில்லை.

ஐயா போன கிழமை வந்திருந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, கேளாமலே கைகளை மடித்துக்கொண்டு கதிரையில் இருந்து எழும்பிக் காட்டினார். நான்கு தடவை. ஐந்தாவதில் பாதியில் இருந்துவிட்டார். “அடுத்த முறைக்கு வைச்சிருக்கிறன், டொக்டர்” என்றார். குறிப்பில் நான்கு என்று எழுதினேன்.