கார் ஏ.சி.க்கு வருடா வருடம் கேஸ் எதற்கு?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. சில வருடங்களாகவே சித்திரையில் ஏ.சி.க்கு கேஸ் நிரப்புகிறேன். ஆடி பிறப்பதற்குள் வெறும் காற்றுதான் வருகிறது. "பழைய வண்டி சார், வருஷம் ஒரு தடவை போட்டுத்தான் ஆகணும்" என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரிதானா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: சரியில்லை. பெட்ரோலைப் போல ஏ.சி. கேஸ் செலவாகித் தீர்வதில்லை. அடைத்த குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வரும், அவ்வளவுதான். பல வருடங்களில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் குறைவது இயல்பு. மூன்றே மாதத்தில் காலியானால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்புவது வீண் செலவு.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டன்சரை. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் அலுமினியப் பாகம் அது. உப்பும் சாலைப் புழுதியும் சேர்ந்து அரித்துவிடும். பானெட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் வெளியேறுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். குழாய் இணைப்புகள், கேஸ் ஏற்றும் வால்வு, கம்ப்ரசரின் முன்பக்கம் ஆகியவற்றையும் பாருங்கள். இணைப்பில் இருக்கும் ஓ-ரிங் காய்ந்து போயிருந்தால் செலவு மிகக் குறைவு. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஓட்டையாகியிருந்தால்தான் வேலை பெரிது. பல வண்டிகளில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவை அடைத்த பிறகும் அவசரப்படக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டால் ட்ரையரை மாற்றுவது நல்லது. ஈரத்தை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. பிறகு வேக்யூம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். இந்த வேலையைத்தான் பல இடங்களில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். உள்ளே தங்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும்; நாளடைவில் அமிலமாகி கம்ப்ரசரையும் அரிக்கும். பம்பை நிறுத்திய பின் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். முள் ஏறினால் இன்னும் கசிவு இருக்கிறது.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு ஆர்-134ஏ கேஸ். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு உள்ளே ஸ்டிக்கரில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டித்தான் வரும். கூடுதலாக ஏற்றினால் கூலிங் கூடாது, குறையும். அழுத்தம் ஏறி கம்ப்ரசரும் திணறும். வெளியேறிய அளவுக்கு கம்ப்ரசர் ஆயிலையும் சேர்க்கச் சொல்லுங்கள். விலை மலிவு என்று சமையல் கேஸ் கலந்ததை ஏற்ற மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது.

பைபாஸில் ஓடும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் சூடான காற்று வருகிறதா? அப்படியானால் கேஸைத் தொடும் முன் கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா, கண்டன்சரில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிடுங்கள், ஆயில் சுற்றி வந்தால்தான் கம்ப்ரசர் சீல் காயாமல் இருக்கும்.

ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால் ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு கலந்ததற்குச் சமமாகப் பூமி சூடாகும். வருடா வருடம் நீங்கள் காசு கொடுத்து அதைத்தான் காற்றில் விடுகிறீர்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போனதும் இரண்டு கேள்வி கேளுங்கள்: நைட்ரஜன் டெஸ்ட் செய்வீர்களா? எடை போட்டு நிரப்புவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்பவரிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.