முதுமை மறதியும் படம் படிக்கும் பொறியும்

மறதி என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகின்றோம். ஒன்று, கருத்தின்மையால் நேர்வது. வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என ஓர் அதிகாரமே வகுத்துக் கடிந்தது அதனையே. மற்றொன்று, நினைவே தேய்ந்து போவது. அறிந்தவர் அனைத்தையும் அறியாதவராகிவிடும் தள்ளாத பருவத்தைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 70ஆம் வசனம் சுட்டுகின்றது. அப்பருவத்தினின்று இறைவனிடம் பாதுகாவல் தேடும் துஆவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். முன்னது குற்றம், பின்னது நோய். இவ்வேறுபாட்டை உணராமல் நோயுற்ற முதியவரைக் கடிந்துகொள்ளும் இல்லங்கள் நம்மிடையே பலவுண்டு.

1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், நினைவிழந்து மாண்ட பெண்மணி ஒருவரின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் கண்ட படிவுகளையும் முறுக்கிழைகளையும் உலகிற்கு அறிவித்தார். இறந்த பின் அவர் கண்டதை, உயிருடன் இருக்கும்போதே, உடலைத் துளையாமல் காண இயலுமா என்பதே இன்றைய வினா. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் மருத்துவரை நாடியவர் மிகச் சிலரே.

முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தும், கதிரியக்கப் பொருளை இரத்தத்தில் ஏற்றிப் படம் பிடித்தும் நோயை அறியும் முறைகள் உள்ளன. இவை செலவு மிக்கவை, முதியோரை அச்சுறுத்துபவை. ஆகவே எங்கும் பெருவழக்காக இருப்பது வினாத்தாளே. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வருக, கடிகாரம் ஒன்று வரைக என்றெல்லாம் கேட்பர்.

இவ்வினாத்தாளின் இயல்பை என் தாயார் வழி அறிந்தேன். அவர் அரபெழுத்து ஓதுவார்; தமிழ் எழுதப் படிக்க அறியார். தேதி கேட்ட மருத்துவருக்கு, “முகைதீன் ஆண்டவர் பிறை பதினொன்று” என விடையிறுத்தார். அது முற்றும் சரி. ஆயினும் தாளில் சுழி இடப்பட்டது. கடிகாரம் வரைக எனப் பென்சிலைக் கொடுத்தபோது, வாழ்நாளில் பென்சில் பிடித்திராத கை நடுங்கிற்று, அதற்கும் சுழி. அவ்வாரம் அவர் கஞ்சியில் உப்பை இருமுறை இட்டதையும், மகள் வீட்டுத் தெருவில் வழி திகைத்து நின்றதையும் எவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. படியாத முதியவர்க்கு இத்தாள் பொருந்தாது என்று தேறுதல் கூறிக்கொண்டு வீடு திரும்பினோம். நோய் உறுதியானது ஈராண்டுக்குப் பின்னரே.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. வளரும் நாடுகளின் முதுமை மறதியை ஆராய்ந்த ‘10/66’ ஆய்வுக் குழு, நோயாளருள் 66 விழுக்காட்டினர் வாழும் நாடுகளில் 10 விழுக்காட்டு ஆய்வே நிகழ்கின்றது என்னும் குறையைத் தன் பெயராகவே சூடிக்கொண்டது. சென்னை நகரமும் வேலூர்ச் சிற்றூர்களும் அதன் களங்கள். மேலைநாட்டு அளவுகோலின்படி எண்ணியபோது வேலூர்ச் சிற்றூர்களில் 65 வயது கடந்தோருள் நோயாளர் 0.3 விழுக்காடே எனத் தோன்றிற்று. கல்வியறிவால் பிறழாத வகையில், வீட்டாரையும் வினவும் தம் முறையால் எண்ணியபோது அத்தொகை பன்மடங்காயிற்று. ஊரும் ஒன்றே, மக்களும் அவர்களே, கோல் மட்டுமே வேறு.

படத்தின் சிறப்பு இங்கேதான் விளங்கும். படம் எழுத்தறிவு கேளாது, தேதி கேளாது. நினைவைப் பதியச் செய்யும் மூளைப் பகுதி கடற்குதிரை வடிவினது. அதன் கிரேக்கப் பெயருக்கும் அதுவே பொருள். பாக் நீரிணைக் கடற்கரையோர் அவ்வுயிரியை நன்கறிவர். இயல்பான முதுமையில் இப்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 விழுக்காடு சுருங்கும். அல்சைமர் நோயில் ஏறத்தாழ 4.7 விழுக்காடு. எம்.ஆர்.ஐ. படத்தில் இதனைக் காணலாம். ஆயினும் தொடக்க நிலையில் மாற்றம் மிக நுண்ணியது. தேர்ந்த கண்ணுக்கும் தப்பும்.

அந்நுண்மையைக் காணவே கணிப்பொறி பயிற்றப்படுகின்றது. நம் டெல்டாவில் நெல் வாங்கும் பெரியவர் ஒரு மணியைக் கடித்த அளவில் ஈரம் மிகுதி என்பார். எவ்வாறு அறிந்தீர் எனின் விளக்கமாட்டார். பல்லாயிரம் மணிகளைக் கடித்துப் பின் களத்தில் விளைவைக் கண்ட பழக்கமே அவர் அறிவு. இயந்திரக் கற்றலும் இத்தன்மையதே. படம் என்பது பொறிக்குப் புள்ளிகளின் ஒளியளவைக் குறிக்கும் எண்களின் வரிசை. நோயுற்றோர், நலமுற்றோர் படங்கள் ஆயிரக்கணக்கில் காட்டப்படும். பொறி ஊகிக்கும், ஊகம் பிழைத்தால் உள்ளிருக்கும் எடைகளைச் சிறிது திருத்திக்கொள்ளும், மீண்டும் ஊகிக்கும். விதியை எவரும் எழுதித் தருவதில்லை.

மூளைப் படத்தினும் எளியது விழித்திரைப் படம். விழித்திரை மூளையின் நீட்சியே; அதன் குருதி நாளங்களை வெளியிலிருந்தே நிழற்படம் எடுக்கலாம். இத்துறையில் தமிழகத்திற்குப் பங்குண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாதலை அறியும் பொறியைப் பயிற்றிய கூகுள் ஆய்வினர் 2016இல் வெளியிட்ட கட்டுரைக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் துணை நின்றன. 2022இல் ஹாங்காங் ஆய்வாளர் தலைமையிலான குழு, விழித்திரைப் படங்களைக் கொண்டே அல்சைமர் நோயைப் பிரித்தறியப் பொறியைப் பயிற்றியது. நோயாளர் 648 பேர், நோயற்றோர் 3,240 பேர் ஆகியோரின் 12,949 படங்கள் அதற்குப் பயன்பட்டன. முதற்கண் கிட்டிய துல்லியம் 83.6 விழுக்காடு. நம்பிக்கை தரும் எண்தான். எனினும், ஊரில் நூற்றுக்கு எழுவரே நோயாளராக இருக்குமிடத்து, நூற்றுக்குப் பதினாறு பிழை செய்யும் பொறி நலமுற்றோர் பலரை அச்சுறுத்திவிடும். எனவே இது தீர்ப்பன்று. மருத்துவரிடம் செல்க எனக் காட்டும் கைகாட்டியே.

சென்ற ஆண்டு பொறியியல் மாணவர் சிலர் தம் ஆய்வேட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல் வேண்டி என்னை நாடினர். இணையத்தில் கிடைத்த மூளைப் படத் தொகுப்பொன்றைக் கொண்டு தொண்ணூற்றொன்பது விழுக்காடு துல்லியம் பெற்றதாகப் பெருமிதத்துடன் கூறினர். ஒருவர் தலையை அடுக்கடுக்காக எடுத்த படங்களுள் சில பயிற்சிக்கும் சில தேர்வுக்கும் போயிருக்குமோ என்று வினவினேன். அவ்வாறு கலப்பின் பொறி நோயை அறிவதில்லை, ஆளை அறிகின்றது என 2021இல் இத்தாலிய நோயாளர் படங்களையும் கொண்டு செய்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியதைப் படித்திருந்தேன். வினாத்தாளை முன்னரே கண்ட மாணவனின் மதிப்பெண் போன்றது அது. மேலும், அத்தகைய தொகுப்புகளில் மிகப் பல மேலைநாட்டார் தலைகளே. நம் வயற்காட்டு முதியவர் அவற்றில் அரியர். கருநாடகத்துச் சீனிவாசபுரச் சிற்றூர்களில் பெங்களூரு மூளை ஆய்வு மையத்தார் பல்லாண்டு தொடரும் ஆய்வை மேற்கொண்டது இக்குறையை நிரப்பவே.

முன்னரே அறிவதால் பயனென்ன, மருந்துதான் இல்லையே எனச் சமுதாயப் பெரியவர் வினவுவர். பி12 உயிர்ச்சத்துக் குறை, தைராய்டு சுரப்புக் குறை, மனச்சோர்வு ஆகியனவும் மறதியாகவே தோன்றும், அவை தீர்க்கத்தக்கவை. உலகின் மறதி நோயுள் ஏறத்தாழ 45 விழுக்காடு, இரத்த அழுத்தம், சர்க்கரை, செவிட்டுத்தன்மை, பார்வைக் குறை முதலான 14 காரணங்களோடு தொடர்புடையது என 2024இல் லான்செட் ஆணையம் கூறிற்று. மேலும், நோயாளர் தம் நிலத்தையும் அமானிதங்களையும் கடன்களையும் குறித்துத் தெளிவுடன் வஸிய்யத்துச் செய்ய எஞ்சியிருப்பது அத்தொடக்கக் காலமே. என் தாயார்க்கு அக்காலத்தை நாங்கள் தரவில்லை. அவரிடம் அயலார் ஒப்படைத்திருந்த நகைகள் எவரெவருடையவை என்பதை இன்றுவரை முழுதும் அறிந்தோமில்லை.

அம்மாணவர் திரும்பச் சென்று, ஒருவர் படங்கள் யாவும் ஒரே பக்கம் நிற்குமாறு பிரித்துப் பொறியை மீளப் பயிற்றினர். துல்லியம் வெகுவாக இறங்கிற்று. இறங்கிய எண்ணையே ஆய்வேட்டில் எழுதினர்.